மேல இருந்து கேப்பேன்

என் ஆசை மாப்பிள்ளை கதிரேசா,

நான் அன்றைக்கே சொன்னேன். நீ கிட்டாரைத் தொடுவாய் என்று சொன்னேன், தொட்டாய். பள்ளிக்கூடத்து அறையிலேயே உட்கார்ந்து வகுப்பு நடத்துவாய் என்று சொன்னேன், நடத்தினாய். அந்த அறையில் ஒரு நாள் ஏதோ நடக்கப் போகிறது என்றும் சொன்னேன். சந்தேகம் இருந்தால் அரிமளம் கடைவீதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். உன்னால் கேட்க முடியாது. அதனால் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருச நினைவு நாள். வீட்டுக்கு வீடு கொடுக்க நோட்டீஸ் அடிக்கிறோம். முன்பக்கம் உன் போட்டோ, நீலச் சட்டை போட்டது. பின்பக்கம் யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. தாய்மாமன் உயிரோடு இருக்கையில் வேறு எவன் எழுதுவான் என்று பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் எட்டாவதை என் அளவுக்கு ஊன்றிப் படித்தவன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது. திரும்பத் திரும்பப் படித்தவன் அல்லவா.

முதலில் வகுப்புச் சேதி. நீ போனதோடு அது நின்றுவிடும் என்றார்கள். நான் விடவில்லை. பேண்டு செட்டில் டிரம் அடித்த கை, கிட்டாரைக் கண்டதும் தானாகவே பழகிக்கொண்டது. கார்டு என்றால் ரேஷன் கார்டு என்று நினைத்திருந்த மாமன் இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளை அமுக்கி இ மைனர் கார்டு பிடிக்கிறேன். “அது ரெண்டு வெரல்தானே மாமா” என்று ஜெனிபர் சிரிக்கிறாள். இரண்டு விரலில் பிடிப்பதுதான் திறமை, அஞ்சு விரல் வைத்தால் யார்தான் பிடிக்க மாட்டார்கள் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஜெனிபரை நினைவிருக்கிறதா? ஜன்னலோரம் உட்காருவாளே, காலேஜுக்குப் போகிற பெண். கொஞ்சம் தேறியவர்களை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். புதியவர்கள் என் பொறுப்பு. சி கார்டுக்கு நான் ஏணி என்று பெயர் வைத்திருக்கிறேன், விரல்கள் படியேறி நிற்பதால். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விரல் நுனி சிவந்துபோய் யாராவது காட்டினால் என் கையைக் காட்டுகிறேன். இது டிரம் குச்சியால் வந்த காய்ப்பு என்று நான் சொல்வதில்லை.

நீ வைத்த முறையை மட்டும் மாற்றவில்லை. ஒரே அறை, ஒரே நேரம், வலப்பக்கம் புதுசு, இடப்பக்கம் தேறியவர்கள். புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கிட்டாரின் அந்தத் தடிக் கம்பி ஒன்றுதான். வேறு எதையும் தொடக்கூடாது. எல்லோரும் ஒரே அடியாக ‘டும்’ என்று அடிக்க வேண்டும். அதன்மேல் தேறியவர்கள் கார்டு மாற்றிக்கொண்டே போக வேண்டும், விரல் தப்பினாலும் தாளத்தை விடாமல். வந்த அன்றே பாட்டுக்குள் இடம் கிடைத்துவிட்ட பெருமை புதுப்பிள்ளைகள் முகத்தில் தெரியும். இந்த யோசனையை உனக்குக் கொடுத்ததே நான்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அந்த ‘டும்’மைப் பற்றித்தான் இந்தக் கடிதம், மாப்பிள்ளை.

உனக்குக் காய்ச்சல் முற்றிய அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே ஒரு ஆளைத்தான் விட்டார்கள். நான் போனேன். வெளியே வந்தபோது உன் ஆத்தா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். “என்னடா சொன்னான்? என் பிள்ள ஒங்கிட்ட என்ன சொன்னான்?” நான் சொன்னேன்: “‘தடிக் கம்பிய அடிங்க மாமா, நான் மேல இருந்து கேப்பேன்’னு சொன்னான்க்கா.” அவள் பிடி தளர்ந்தது. அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துக்கம் கழிந்து வகுப்பைத் திறந்தோம். அக்காவும் வந்தாள். உன் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் தடிக் கம்பியை அடித்தார்கள். நீ பழக்கிய மாதிரியே எல்லோரும் உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார்கள். கம்பிகள் நின்ற பிறகும் மேலே ஒரு சத்தம் நிற்கவில்லை. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். எவனாவது ஒழுங்காக வாசித்துவிட்டால் வாய் திறக்காமல் ‘ம்ம்’ என்பாயே, அச்சு அசலாக அதேதான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “கேக்குறான்டா தம்பி” என்றாள். நான் தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நின்றேனா? டீக்கடையில் சொன்னேன். ஆவுடையார்கோவில் சம்பந்தி வீடு வரைக்கும் போய்ச் சொன்னேன், கொஞ்சம் சேர்த்து. சுருதி சேர்க்காமல் ஒருத்தன் வந்தாலும் கதிரேசன் பதில் கொடுக்க மாட்டான் என்றேன். அன்றிலிருந்து பிள்ளைகள் சுருதி சேர்க்காமல் கிட்டாரை மடியில் வைப்பதே இல்லை. தாய்மாமன் சொன்னதை யார் திருப்பிக் கேட்பார்கள்? நல்லதுதானே நடக்கிறது என்று நானும் நினைத்தேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். முதலில் எல்லோரும் சேர்ந்து அடித்தால்தான் அந்தச் சத்தம் வந்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம் நாலைந்து பேர் அடித்தாலே வந்தது. இப்போது ஒரு கிட்டார் போதும். போன வாரம் யாருமே கம்பியைத் தொடவில்லை. ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று போனது, மேலே ‘ம்ம்ம்’ என்றது. புதுசாகச் சேர்ந்த பெண் பிள்ளை அழ ஆரம்பித்தது.

“கூப்பிடாமலே வாரான் பாரு” என்று அக்கா மட்டும் சிரித்தாள்.

கூரையில் ஃபேன் கொக்கியை மூடியிருக்கும் கப்புக்குள் கூடு கட்டியிருந்த குருவிக்காக அந்த ஃபேனைச் சுற்றவே விட மாட்டாயே, அந்தக் குருவியைக் காணோம். கூடு அப்படியே இருக்கிறது. அக்கா தலை ரொம்ப நரைத்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து வாசலுக்கு வந்து தலையை உதறினாள். நரை கொட்டியது. வெள்ளை வெளேரென்று சிமெண்டுப் பொடி.

ஜெனிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, அது கதிர் சார் இல்ல. ஃபேன் கொக்கியச் சுத்திக் காரை விட்டுப்போச்சு. அந்தக் கப்புதான் அதிருது. டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெரல் போற அளவுக்கு வெடிச்சிருக்கு.”

“வாய மூடு பாப்பா. ஒனக்கு எஃப் கார்டே இன்னும் சுத்தமா வரல, கூரையப் பத்திப் பேச வந்துட்ட.”

“எனக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லிருவேன். நீங்கதான் மாமா...” என்று நிறுத்திவிட்டாள். அதைவிட என் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம்.

ஹெச்.எம்.மைக் கூட்டிவந்து காட்டினேன். பகலில் அங்கே பாடம் எதுவும் நடப்பதில்லை, உடைந்த பெஞ்சுதான் போட்டு வைத்திருக்கிறார்கள், பூட்டிவிடுங்கள் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தவர் வாசலுக்கு நகர்ந்துதான் பேசினார். “நானா? நீங்க சொன்னத ஊரே நம்பிக்கிட்டு இருக்கு. நான் பூட்டுனா, என் பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டான்னு பெத்தவ மண்ண வாரித் தூத்துவா. அது எனக்கு வேணாங்க. அவங்கள நீங்க எந்திரிக்க வைங்க, அடுத்த நிமிசம் நான் பூட்டுறேன்.”

என்னால் முடியாத காரியமா என்று கிளம்பினேன்.

“அக்கா, மழ வருது. இந்த வாரம் வராண்டாவுல நடத்துவமா?”

“நீ நடத்துடா. நான் இங்கதான் இருப்பேன். அவன் கேட்டுக்கிட்டு இருக்கையில ஆளில்லாமக் கெடந்தா என்ன நெனப்பான்?”

“சரி, பெஞ்சயாச்சும் இங்கிட்டுக் கொஞ்சம் இழுத்துப் போடுறேன். ஃபேனுக்கு நேர் கீழ போயி...”

“இங்கிட்டு வந்தா சன்னமாத்தான் கேக்குது. இங்கதான் நல்லாக் கேக்குது. நீயே சொல்லு, எம் பிள்ள எதுக்கு இவ்வளவு சத்தமாக் கூப்பிடுறான்? கிட்ட வான்னுதானே?”

பெஞ்சை இழுக்கப் போன கையை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டேன், மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: பழைய பிள்ளைகள், புதிய பிள்ளைகள் அத்தனை பேரும் கிட்டாரோடு அந்த அறைக்குள். சுற்றிலும் சொந்தபந்தம். அவள் நடு பெஞ்சில். எல்லோரும் ஒரே அடியாகத் தடிக் கம்பியை அடிக்க வேண்டும், நீ எப்போதும் இல்லாத அளவுக்குப் பதில் கொடுக்க வேண்டும். இதற்கும் திரி கொளுத்தியவன் நான்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், “நெனவு நாளன்னைக்கு அவன் பேர் சொல்லியே கூப்பிடுவான் பாருங்க” என்று வாயை விட்டுவிட்டேன். அது இலைக்கு இலை போய், பந்தல் தாண்டி, ஊர் தாண்டிப் போய்விட்டது. நீ சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தாயே, அந்தக் கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகள் ஒரு வேன் பிடித்து வருகிறார்களாம். அவர்களும் அந்த அறைக்குள்தான்.

நேற்றுச் சாயங்காலம் நான் மட்டும் போய் அங்கே நின்றேன். கிட்டார் எதுவும் கொண்டுபோகவில்லை. தூசிக்கு ஒரு தடவை இருமினேன். மேலே பதில் வந்தது. அதற்கு அப்புறம் ஒரு பொட்டுக் காரை, அவ்வளவு சின்னது, நடு பெஞ்சில் விழுந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். அந்த அறைக்கு முதுகைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நோட்டீஸ் அடிக்கிறவர் இந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறார். அக்காவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று அவள் வாசல் வரைக்கும் போனேன். “வாடா, காப்பி குடிக்கிறியா” என்றாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் வேறு மாதிரி திருப்பிவிடுவேன், என் வாயை எனக்குத் தெரியும். அச்சில் ஏறியதைத் திருப்ப முடியாது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஜெனிபர்தான் வாசித்துக் காட்டப் போகிறாள். ஒரு எழுத்தையும் விடாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர் இதைப் படித்த பிறகு ஹெச்.எம்.முக்குப் பயமில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்த அறை பூட்டியிருக்கும். எல்லோரும் மைதானத்தில் உட்காரப் போகிறோம், வலப்பக்கம் புதுசு, இடப்பக்கம் தேறியவர்கள். தடிக் கம்பியை அடிப்போம். அமுக்கி நிறுத்துவோம். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வெட்டவெளியில் எங்கிருந்து வரும்? அப்போது அக்கா பக்கத்தில் நான் இருப்பேன். சட்டையைப் பிடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், எழுந்து போக மாட்டேன். இது சத்தியம். இதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அக்கா, இனி வருவது உனக்கும் சேர்த்துத்தான்.

அன்றைக்கு உள்ளே இவன் சொன்னது இதுதான்: “மாமா, தடிக் கம்பிய அடிச்சா மேல என்னமோ கேக்குது. ஆளக் கூட்டியாந்து பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் பிள்ளைகள அங்க உக்கார வைக்காதீங்க.” அதற்கு மேல் பேச அவனுக்கு மூச்சு இல்லை. வெளியே வந்தால் நீ சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பெற்றவளிடம் போய்க் கூரையைப் பற்றியா சொல்வேன்? ‘மேல என்னமோ கேக்குது’ என்பதை ‘மேல இருந்து கேப்பேன்’ என்று ஆக்கிவிட்டேன். நீ என் சட்டையை விட்டாய்.

கதிரேசா, அன்றைக்கே சொன்னது நான் இல்லை. நீ.

நீ சொன்னதை ஒரு வருசம் பிந்திச் செய்கிற
உன் தாய்மாமன்
சிதம்பரம்