நாலரை மணிச் செய்தி வந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், மாடும் கன்றும் நலம், நான் நலமா இல்லையா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, நீ அனுப்பிய தைலத்தைத் தடவுகிறாள், வலி போனது தைலத்தாலா மகள் அனுப்பியதாலா என்று தெரியவில்லை என்கிறாள். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய சேதிதானே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று தரம் போனை எடுத்தேன். மூன்று தரமும் நீ 'சொல்லுப்பா' என்றதும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராதது பேனாவிலாவது வரட்டும்.

உன் சித்தப்பாவின் வெங்காயம் அழுகிப்போனது உனக்குத் தெரியும். பிடுங்கித் தாளோடு வயலிலேயே காயப் போட்டிருந்தான், மறுநாள் விடியும்போது பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. தினமும் விவசாயிகளுக்குப் போனில் வானிலை சொல்லும் உங்கள் ஆபீசிலிருந்து அன்றைக்கு மழைச் செய்தி வரவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். வந்தது மகளே. நாலரை மணிக்குச் சரியாக வந்தது. முழுசும் கேட்டேன்.

எட்டுப் பேருக்கு ஒரு போன் என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டபோது, நீ அங்கே வேலை பார்க்கிறாய் என்பதற்காகவே எல்லோரும் என் நம்பரைக் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் மோட்டார் ரூமில் கூடுவோம், காலி எண்ணெய் டின்னுக்குள் போனை வைத்தால் சத்தம் வெளியே வரப்பு வரைக்கும் கேட்கும். வராதவனுக்கு நான் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும், அதுதான் பேச்சு. எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள், வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. அந்த மழைக்கு முந்தின வாரம் உன் சித்தப்பா எல்லோர் முன்னாலும், 'எங்கண்ணனுக்கு இப்பல்லாம் வானத்தை அண்ணாந்து பாக்கக்கூட மக போன் பண்ணிச் சொல்லணும்' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன், வயிறு சரியில்லை போல என்று அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சந்தை நாள், மோட்டார் ரூமில் நான் ஒருத்தன்தான். செய்தி பேசும் அந்தப் பெண், விடிவதற்குள் பலத்த மழை வரும், அறுத்ததை மூடி வையுங்கள், வயலில் கிடப்பதை அள்ளிவிடுங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். என்னுடையது உட்பட மற்ற ஏழு பேர் வெங்காயமும் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது. உன் சித்தப்பாவும் சித்தியும் மட்டும் இரண்டு வயல் தள்ளிக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமே என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தூறல்தான் போடும், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள், அன்றைக்கு எனக்கு எதுவும் ஆடவில்லை. விடிந்ததும் நனைந்துகொண்டே வந்து, 'போன் ஒண்ணும் வரலையாண்ணே' என்று கேட்டான். வரலையே என்றேன். அப்ப யாரைச் சொல்லி என்ன என்று திரும்பிப் போய்விட்டான். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன், அப்படியே நம்பிவிட்டான்.

இதோடு போகும் என்றுதான் இருந்தேன். நேற்று அம்மா சோறு போட்டுக்கொண்டே நீ பேசியதைச் சொன்னாள். என் நம்பரில் யாரோ எடுத்து ஒன்றே முக்கால் நிமிஷம் கேட்டதாக உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். எங்கப்பா பொய் சொல்ல மாட்டார், அனுப்பின பதிவுலதான் தப்பு என்று நீ விடாப்பிடியாக நின்றாயாம். கடைசியில், செய்தி பேசும் அந்தப் பெண்தான் எங்கள் நம்பருக்குப் பழைய பதிவைப் போட்டுவிட்டாள் என்று, அவளை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். 'எம்மவ எப்படி நின்னிருக்கா பாருங்க' என்று அம்மா பெருமையாகச் சொல்கிறாள், நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டேன். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குச் சளி பிடித்தால் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும், அத்தனை நாள் கேட்ட குரல். ஐந்து நாளாக வேறு யாரோ ஓர் ஆள் பேசுகிறார். அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், உன் சித்தப்பா உட்பட. மெஷின் சொன்னதை நம்பாமல் என்னை நம்பினாயே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை உன் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அழுகினதைக் கூடையில் வாரி வரப்போரம் கொட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கூடை கொட்டிவிட்டு வந்து, தூரத்தில் இருந்த உன் சித்தியைக் கையால் காட்டி, 'அவகிட்ட இப்ப சொல்லாதண்ணே, ரெண்டு நாள் போகட்டும்' என்று மட்டும் சொன்னான். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இனிமேல் என் நம்பரை எடுத்துவிட்டு அவன் நம்பரைப் போடச் சொல், நான் போய் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

தபாலில் போட்டால் அத்தனை நாளும் அந்தப் பெண் வீட்டில் உட்கார வேண்டும். டிராக்டர்காரர் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார், அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் வாக்குக்கு இனி என்ன மதிப்போ தெரியாது, ஆனாலும் பெற்றவன் சொல்கிறேன், இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா என்று பார்த்து இந்தக் கடிதத்தைப் பெட்டியில் மடித்து வைத்துவிடாதே. எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் என்று எந்த மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாயோ, அங்கேயே இதை எல்லோர் காதிலும் விழும்படி படி. நீ தலை குனிய வேண்டாம், அது என் வேலை.

இப்படிக்கு,
செய்தி என் காதில் விழுந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்
உன் அப்பா