வேலுவின் அரைஞாண் கொடி

அம்மா,

இன்று காலை வெள்ளித் தாம்பாளத்தைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். தங்கையைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கும் எங்களைப் போல இந்த மராத்தி ஊரில், ஹடப்சரில்தான் வேலை. அவருடைய அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். தாம்பாளத்துக்கு அடியில், உன் பழைய சேலைத் துண்டில் சுற்றி, அந்த வெள்ளி அரைஞாண் கொடி கிடந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தேன். வருகிறவர்கள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: உங்க அம்மாவுக்கு எத்தனை குழந்தைங்க? நீ இருந்திருந்தால் யோசிக்காமல் "ரெண்டும் பொண்ணுங்க" என்றிருப்பாய். வாழ்நாள் முழுக்க அதையே சொன்னவள் நீ.

தொண்ணூற்றேழில் என் மகனுக்கு இந்தக் கொடியைக் கட்டிவிட்டவளும் நீதான். வெள்ளி கறுத்திருக்கிறதே என்றேன். "கடையில வாங்குனதுதான் அம்மிணி, நொய்நொய்ங்காத" என்றாய். இங்கே எங்கள் வானவடி வீட்டில் அன்று ஒரே கொண்டாட்டம். ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். அப்புறம் தொடங்கியது. காதில் சீழ், நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி ஆஸ்பத்திரி.

மராத்திக்கார டாக்டரம்மா அவன் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். இருக்க வேண்டிய டான்சில் சதை இவனுக்கு இல்லவே இல்லை என்றார். பிறகு இந்தியில் கேட்டார்: தாய்வழியில் ஆண் குழந்தைகள் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா? உனக்கு இந்தி தெரியாது. நான் தமிழில் சொன்னேன். பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்ட கேள்விக்கு நீ மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாய். "எங்க வூட்டுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சம்மந்தி."

நான் அதை அப்படியே இந்தியில் சொன்னேன். அப்படியானால் காசநோயாக இருக்கும் என்று டாக்டர் அதற்கு மருந்து தொடங்கினார்.

இறந்த சிசுவைப் பற்றிக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அதோடு மகள் மேல் பழி விழுந்துவிடுமே என்ற பயமும் உனக்கு. எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் உன் மேல் கோபம் வருகிறது அம்மா.

நோய் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. ஒரு மதியம் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். காதிலிருந்து வழிந்ததை முந்தானையால் துடைத்தாய். "அம்மிணி, அந்த டாக்டரம்மாவக் கூப்புடு" என்றாய். அவர் வந்ததும் என்னிடம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாய். "சொல்லு. உனக்கு அடுத்து எனக்கொரு பையன் பொறந்தான். வேலுன்னு பேரு. இப்படித்தான் காது ஒழுகுச்சு. ஒன்றரை வயசுல போயிட்டான். என்ர தம்பியும் அப்படித்தான் போனான். எங்க வூட்டுல ஆம்பளப் புள்ளைக நிக்கறதில்ல. அத்தனையும் சொல்லு." மாமியார் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொடி யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை அதைத்தான் சொன்னது. கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்ய பி செல்கள் என்று ஒரு வகை உண்டாம். அவை முதிர்வதற்கு ஒரு மரபணு வேலை செய்ய வேண்டும். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுப்பது. அவனை ஆறு மாதம் காத்தது கருவில் என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட புரதம். அது தீர்ந்தபின் அவனிடம் சொந்தமாக ஒன்றுமில்லை. இனி மாதாமாதம் பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த புரதத்தை ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்ப நாந்தான் குடுத்தனா?" என்று கேட்டாய். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் முதல் பாட்டில் ஏற்றிய அன்று அவன் உதைக்காமல் காலைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். தலைப்பக்கம் நீ.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்த அந்த எக்ஸ் தங்கைக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், இன்னும் பரிசோதிக்கவில்லை. தலை பின்னிக்கொண்டே அவள் கேட்டாள்: "நீ சொல்றியாக்கா, நான் சொல்லட்டா? சுப்சாப் வாய மூடிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

மாப்பிள்ளையின் அம்மா டீயைக் கையில் வாங்கியதும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மூணு பேருங்க" என்றேன். "எனக்கும் இவளுக்கும் நடுவுல வேலுன்னு ஒரு தம்பி." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாளின் டீ ஆடை படிந்து ஆறிப்போனது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். இன்னும் போன் வரவில்லை. தங்கை நகையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகன் மேஜை மேலிருந்த கொடியை எடுத்துச் சுழற்றினான். யாருடையது என்று கேட்டான்.

"உங்க மாமாவோடது."

அவன் காதுகுத்துக்கு மாமன் மடி இல்லையென்று தூரத்து உறவில் ஒருவரை உட்கார வைத்தது நினைவிருக்கிறதா அம்மா? சுழற்றிய கை நின்றது.

"எனக்கு மாமா இருக்காரா?"