கட்டில் காலில் ஒரு குழல்

12-7-95, புதன்

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று. ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

என் மூங்கில் புல்லாங்குழல் நெடுகக் கீறிவிட்டது. ஞாயிறு திருப்பலியில், காணிக்கைப் பாட்டுக்கு முன், நான் தனியாக வாசிக்க வேண்டும். முதல் தடவை. பாடகர் குழு மாஸ்டரிடம் சொன்னேன். அவர்: "வேற கொண்டாங்க. ஹார்மோனியத்தோட சேருலீன்னா வயலினுக்குக் குடுத்துருவனுங்க அம்மணி. வருத்தப்படக் கூடாது."

கடையில் விற்கும் குழல் வேண்டாம். மரத்தில் செய்ய ரொம்ப நாளாக ஆசை. இப்போது செய்யாவிட்டால் எப்போது.

பரணில் உடைந்த கட்டிலின் கால். ஈட்டி மரம்.

அம்மா: "எம்.ஏ. படிச்சுப்போட்டு கட்டில் காலத் தூக்கிட்டு எங்க போற?"

13-7, வியாழன்

துடியலூர். பெரியப்பா மகன் ஜோசப் அண்ணனின் லேத் பட்டறை. பம்பு ஷாஃப்ட் கடையும் இடம். கீறிய மூங்கிலை அளந்து டிராயிங் போட்டுக் கொடுத்தேன். நீளம், உள்விட்டம், துளைகள், எல்லாம் அதே. சுவர் மட்டும் தடிமனாக. இதுவும் கீறிவிடக் கூடாதே.

அண்ணன், கிண்டலாக: "முடியளவு தப்பாதுங்க மேடம்."

தப்பவில்லை. மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டினார். கருத்த, பளபளத்த உருளை.

14-7, வெள்ளி

கோயில் கூடம். எல்லாத் துளையும் மூடி ஊதினால் ஹார்மோனியத்தோடு சேர்கிறது. துளைகளைத் திறக்கத் திறக்க ஒவ்வொரு சுரமும் இருக்க வேண்டியதற்குக் கீழே.

மாஸ்டர் துருத்தியை நிறுத்தினார். "அழகா இருக்குதுங்க. செவுத்துல மாட்டுங்க."

அழவில்லை. பஸ்ஸில் யோசனை. மூங்கிலில் துளைக்கு ஆழமே கிடையாது. இதில் ஒவ்வொன்றும் குட்டிக் கிணறு; அந்த ஆழம்தான் சுரத்தை இறக்குகிறது. மற்ற அளவெல்லாம் மூங்கிலுடையது, சுவர் என்னுடையது. தப்பு அங்கேதான்.

இன்னும் ஒரே ஒரு நாள்.

15-7, சனி

பட்டறை. சுவர் மெலிய மறுபடி கடையச் சொன்னேன். அண்ணன்: "துள போட்ட மரம், உளி பட்டாப் பிச்சுக்கும் கண்ணு."

சரி, அரம். துளைகள் இருக்கும் பக்கத்தை மட்டும் தட்டையாக ராவினேன். அண்ணனால் பார்க்க முடியவில்லை. "ஐயோ, ரவுண்டு போச்சே! என்ற பட்டறைல செஞ்சதுன்னு வெளிய சொல்லிப்போடாத."

மாலை, கூடம். ராவுவது, ஊதுவது, ஹார்மோனியக் கட்டையை அமுக்குவது. மறுபடி ராவுவது. ஒன்று சேர்ந்தது. அடுத்தது. மடி முழுக்கக் கருப்புத் தூள், தும்மல்.

கடைசித் துளை மட்டும் இறக்கமாகவே. அங்கே சுவர் ஏற்கெனவே மெல்லிசு. இன்னும் ராவினால் பிளக்கலாம். ராவாவிட்டால் வயலின்.

ராவினேன்.

16-7, ஞாயிறு

வாசித்தேன். பாதியில் உதடு உலர்ந்தது, ஒரு மூச்சு தவறியது. சுரம் தவறவில்லை.

வாசலில் மாஸ்டர். செருப்பு மாட்டிக்கொண்டே: "சத்தம் கனமுங்க. மூங்கிலாட்ட இல்லீங்களே."

"இல்லீங்க."

"அடுத்த ஞாயிறு சீக்கிரம் வந்துருங்க."

வீட்டில் யாரும் இல்லாத மதியம். அடுத்த குழலுக்கு டிராயிங் கிடையாது. முதலில் சிறு துளை, ஊதிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும்.