வாட்ச் எண்ணாத நடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, வாரத்துக்கு ஒரு சண்டைக்கு மேல் போடாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சௌக்கியம் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே உன் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அம்மா பொய் சொல்கிறாள், நான் அனுப்பிய வாட்ச் வேறு மாதிரி சொல்கிறதே என்பாய். அதனால்தான் போனில் பேசாமல் பேப்பரை எடுத்தேன். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை, நடுவிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்தப் போய்விடுகிறேன், கடைசியில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலேயே போனை வைக்கிறோம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நிதானமாகப் படி. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிடு. வேலையை விடுவதாக அன்றைக்குத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையிலும் கை ஓடவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரிவது அந்த நம்பர் ஒன்றுதான். அப்பா விழுந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டபோது ஓடி வந்தாய், ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கினாய், திரும்பிப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கறேன்னு நீயும் படுத்துடாதம்மா, உனக்கும் பிரஷர் இருக்கு என்று நூறு தடவை சொன்னாய். போனதும் முதல் வேலையாக, எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணுகிற இந்த வாட்சை வாங்கி அனுப்பினாய். மாப்பிள்ளை வீடியோவில் வந்து, குளிக்கும்போதுகூட கழட்ட வேண்டாம் அத்தை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான் இங்கே நடந்தால் அங்கே உன் போனில் தெரியும் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலேஜ் படிக்கும்போது நீ எத்தனை மணிக்கு வருகிறாய் என்று நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், இப்போது உன் முறை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைக் கையில் கட்டியதிலிருந்து நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. நானாக ஒரு நாளும் கழற்றி வைத்ததில்லை.

முதல் சில மாதங்கள் நம்பர் எப்படி ஏறியது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் போன் பண்ணி, என்னம்மா கலக்கற, என்னைவிட ஜாஸ்தி நடந்திருக்க என்பாய். ஒரு நாள் வாட்சில் கோப்பை படம்கூட வந்தது, நான் ஜெயித்துவிட்டேனாம். நானும் அதை நம்பினேன், அதுதான் வேடிக்கை. வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மாவிடம், அப்பா அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் கால் டாக்டரம்மா, அந்தக் கோப்பையைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த மாதங்களில் நான் தெருவைப் பார்த்ததே அபூர்வம் பாப்பா. மருந்துக்கடை, காய்கறி எல்லாம் போன் பண்ணி வீட்டுக்கே வரவழைத்தேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார், நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கால் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி காலைத் தேய்த்து, மடக்கி, நீட்டி, மறுபடி தேய்த்து, காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், நடுவில் வலிக்கிறது என்றால் அப்போதும். இவ்வளவு நம்பர் எங்கேயிருந்து வருகிறது என்று எப்போதாவது தோன்றும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஓடுவதெல்லாம் சேர்ந்து வருகிறது போலிருக்கிறது, பெண்பிள்ளை வீட்டுக்குள் நடப்பதையும் ஒரு மிஷினாவது கணக்கில் எடுத்துக்கொள்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

சக்கர நாற்காலி வாங்கினோமே, அது அவ்வளவு நாளும் ஹால் மூலையில் துணி போடுகிற ஸ்டாண்டாகத்தான் இருந்தது. அப்பா அதில் உட்காரவே மாட்டேன் என்றார். ஏன் என்று நீ பல தடவை கேட்டாய், நானும் பிடிவாதம் என்று சொல்லி முடித்துவிட்டேன். பிடிவாதம் இல்லை, வெட்கம். முப்பது வருஷம் இந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாவற்றிலும் வீடு வீடாக ஏறி இறங்கி கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்த மனுஷன். நாய் இருக்கிற வீடு எது, படி உடைந்த வீடு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தத் தெருவில் என்னைத் தள்ளிக்கிட்டுப் போகப்போறியா என்று ஒரு நாள் குழறிக் குழறிக் கேட்டார், நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அது எரியவே இல்லை.

அவரை வெளியே கொண்டுவந்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை, அவருடைய தலைமுடிதான். வீட்டுக்கு வந்து வெட்டிவிட்டுப் போன பார்பர் ஊர் மாறிப் போய்விட்டார். முடி காதை மூடி, கழுத்தில் இறங்கி, அவருக்கு அரிப்பு தாங்கவில்லை. நான் வெட்டுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்ததும், வேணாம், கடைக்கே போலாம் என்று அவர் வாயால் சொன்னார். நான் துணிகளை அப்படியே கட்டிலில் கொட்டிவிட்டு, அவர் மனது மாறுவதற்குள் அவரை உட்கார வைத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குப் போய்விட்டேன். கடையில் எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று நான் பயந்துகொண்டே போனேன். கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் என்ன சொன்னார் தெரியுமா, நல்ல வேளை சார் வந்தீங்க, ரெண்டு மாசமா பில் கண்டபடி வருது, உங்க மீட்டர் பேயா ஓடுது என்றார். அவ்வளவுதான். தலையில் பாதி முடி வெட்டியும் வெட்டாமலும் இருக்க, அப்பா மீட்டர் பொய் சொல்லாது, உன் ஹீட்டரைப் பார் என்று வாதாட ஆரம்பித்துவிட்டார். வார்த்தை வழுக்கியது, எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டே வாதாடினார். நான் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றையிலிருந்து தினமும் ஐந்து மணி ஆனால் போதும், அவரே செருப்பைக் காட்டுகிறார். கடைத்தெரு வழியாகப் போய், பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி, பூங்காவைச் சுற்றி வருகிறோம். மேட்டில் மூச்சு வாங்குகிறது, ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது, இதை மறைக்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன், பிரஷர் குறைந்திருக்கிறது, இப்படியே நடங்கள் என்றார். இவ்வளவு நடந்துவிட்டு வந்து உட்கார்கிற நேரத்தில்தான் நீ போன் பண்ணி, ஏம்மா, கட்டிலை விட்டே எழுந்திருக்கறது இல்லையா, நம்பர் அதலபாதாளத்துல கிடக்கு, என்கிட்ட எதையோ மறைக்கற என்று கத்தினாய். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, நடந்தேன்டி, நிஜமாத்தான் நடந்தேன் என்று சத்தியம் செய்கிறேன், நீ நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோபம்கூட வந்தது, உன்மேல் வந்ததா அந்த வாட்ச்மேல் வந்ததா என்று தெரியவில்லை, ரெண்டு பேர்மேலும்தான் வந்திருக்கும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் கிளம்பும்போது என் கையை இழுத்து வாட்சைப் பார்த்துக்கொண்டார். நான் தள்ளத் தள்ள, மேடு ஏறியதும் ஒரு தடவை, பூங்கா வாசலில் ஒரு தடவை, நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தார். நம்பர் இருந்த இடத்திலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்து நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலைத் தேய்க்க ஆரம்பித்தேன். நம்பர் கிடுகிடுவென்று ஏறியது. அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார் பாரு, விழுந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை, இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இது காலை எண்ணலைடி, கையை எண்ணுது என்றார். நாற்காலியைப் பிடித்துத் தள்ளும்போது கை ஆடாமல் இருக்கிறது, அதனால் நான் நடப்பது அதற்குத் தெரியவில்லை. உட்கார்ந்து தேய்க்கும்போது கை முன்னும் பின்னும் போகிறது, அதை நடை என்று நினைத்துக்கொள்கிறது. கால் டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஆமாம்மா, குழந்தையைத் தள்ளுவண்டியில தள்ளிட்டுப் போறவங்களுக்கும் இப்படித்தான் குறைச்சலாக் காட்டும், கால்ல கட்டிப் பாருங்க என்றார்கள். காலில் கட்டிக்கொண்டு அதே பூங்காவைச் சுற்றினேன், ஏறிற்று. மாப்பிள்ளையிடமும் கேள், அவருக்கு இதெல்லாம் சட்டென்று புரியும்.

இப்போது உன் போனை எடுத்து அந்தப் பழைய நம்பர்களை ஒரு தடவை பார் கண்ணு. மேலே மேலே ஏறியிருக்கிற மாதங்கள் எல்லாம் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்கள், நான் அவர் பக்கத்தில் அடைந்து கிடந்த நாட்கள். நீ சந்தோஷமாக இருக்கிறாயே என்று நான் என் கஷ்டத்தை அதிகம் சொல்லவும் இல்லை. தடாலென்று கீழே விழுகிறதே, அந்த இடத்தில்தான் நாங்கள் வெளியே வந்தோம். அதைப் பார்த்து அம்மா விழுந்துவிட்டாள் என்று நினைத்து நீ வேலையை விடப் போகிறாய். எத்தனை வருஷம் காத்திருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் உனக்கு அந்த இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்றைக்கு என்னிடம் பேச முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டாயே, அதை நான் மறக்கவில்லை. வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, எப்போதும்தான் இருக்கிறது. லீவு கிடைக்கும்போது வா, பத்து நாள் இரு, உன் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், நான் எவ்வளவு தூரம் நடந்தேன் என்று அந்த வாட்ச் சொல்லட்டும். எங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வா. நம்பரைப் பார்த்துப் பயந்து வராதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. நீ தினமும் என்னிடம் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கிறாய். அவர் பக்கத்திலேயேதான் இருக்கிறார், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு. அவரிடமே கேள். வார்த்தை வர நேரமாகிறது, அதற்குள் நீ பாவப்பட்டு நீயே முடித்துவிடுகிறாய், அவர் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார். கொஞ்சம் காத்திரு. முடிவெட்டுகிற கடைக்காரர் காத்திருந்தார், நீ காத்திருக்க மாட்டாயா.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன், அடுப்பில் பால் இருக்கிறது. கால் டாக்டரம்மா வந்தபோது அப்பா வாட்சை என் கையிலிருந்து கழற்றித் தன் வலது கையில் கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன். நாற்காலியை வெளியே வராந்தாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதில் உட்காரவில்லை. டாக்டரம்மா அவர் இடுப்பில் பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி ஓடிவிடாமல் நான் முன்பக்கம் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தேன். இடது கால் தரையில் இழுபடுகிறது, ஆனால் வருகிறது. நம் வாசலிலிருந்து லிப்ட் கதவு வரைக்கும் வந்துவிட்டார். வேர்த்து ஊற்றியது. நாற்காலியைத் திருப்பி உட்கார வைத்ததும் முதல் காரியமாகக் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். ஒன்றுகூட ஏறவில்லை. அவருக்கு அதில் அப்படி ஒரு திருப்தி, ஏதோ மிஷினைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல. இனி வாட்ச் தன்னிடமே இருக்கட்டும் என்கிறார், அதனால் நாளையிலிருந்து உன் போனில் வருவது அவருடைய கணக்கு. பெரும்பாலும் சைபர்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, இதை அப்படியே எழுது என்கிறார், எழுதுகிறேன். மீட்டர் அசையாம இருந்தா வீட்ல ஆள் இல்லேன்னு எழுதிட்டுப் போயிடக் கூடாது, கதவைத் தட்டிப் பாக்கணும், அப்படின்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், நோய்நொடி உங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எப்போதும் போல வேலைக்குப் போ. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், டிபன் டப்பாவை மறக்காதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணு, போனை இனிமேல் ஹாலில் மேஜைமேல்தான் வைக்கப் போகிறோம், நான் எடுக்கக் கூடாதாம். மணி அடித்துக்கொண்டே இருந்தால் வைத்துவிடாதே பாப்பா. அப்பா நடந்து வந்துகொண்டிருப்பார்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா