குதிரைக்கு விழுந்த மாலை

மைசூர், 1920

சௌபாக்கியவதி சித்தம்மாவுக்கு,

மாதேசுவரன் அருளால் நான் சுகம். பிள்ளைகள் எப்படி? உன் இருமல் நின்றதா? கையில் சின்னக் காயம், பயப்படாதே.

ஞாயிறன்று, சண்டைக்குப் போய் வந்தவர்களுக்கு மைதானத்தில் மரியாதை செய்தார்கள். சிப்பாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். நான் பார்த்துக்கொள்ளும் குதிரைக்குக்கூட மாலை போட்டு ஆரத்தி எடுத்தார்கள். அந்தக் குதிரையோடு கப்பலேறி எகிப்து மணலில் கிடந்தவன் நான். அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும்போதுதான் நம் ஊர் லிங்கப்பன் குண்டடிபட்டுச் செத்தான். குதிரைக்காரர்கள் எங்கள் பேரை எவனும் கூப்பிடவில்லை.

"எங்களுக்கெல்லாம் இல்லீங்களா?" என்று ஜமேதாரைக் கேட்டேன்.

"நீ சிப்பாய் அல்லப்பா, குதிரைக்காரன். சும்மனே கயித்தைப் பிடிச்சிட்டு நில்லு."

கயிற்றை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தேன். குதிரை விடுமா? ஆரத்தித் தட்டைத் தட்டிவிட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. அதைப் பிடித்து நிறுத்தியதில்தான் கயிறு கையை அறுத்துவிட்டது.

லாயத்துக்கு இனி வராதே என்கிறார்கள். வேறு வேலை கிடைக்கும். இங்கே குளிர் அதிகம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளியையும், நீ இடித்த கொள்ளுப்பொடியையும் கொடுத்தனுப்பு.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள், முடிக்கிறேன். இதைப் படித்ததும் லிங்கப்பனின் அம்மா மாரக்காள் வீட்டுக்குப் போ. அவன் செத்தது அவளுக்குத் தெரியும்தான்; ஆனாலும் வாசலிலேயே நின்று, "உங்க மகன் லிங்கப்பன் சண்டையில செத்தவனுங்க" என்று தெருவே கேட்கச் சொல். இங்கே அந்தப் பேரைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

ரத்தினசாமி