துல்லியோ உழாத காலை

கஷினா,
ஏப்ரல் 3

அன்புள்ள துல்லியோ,

உன் வயலோரம் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே எங்கள் குழாய், அதற்குள் இரவும் பகலும் ஒளி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதினால், இந்த அண்டவெளியே நூலிழையிலும் நுண்மையாக நெளியும். அந்த நெளிவை ஒளி சொல்லும். உன் டிராக்டர் ஓடினாலோ அதன் அதிர்வைத்தான் சொல்லும். இரண்டு வாரம் உழாமல் இருப்பாயா? நாம் பிரிந்து ஐந்து வருடமாகிறது. கேட்க எனக்கு உரிமை இல்லைதான். முட்டி வலி தேவலையா?

ஒர்னெல்லா

---

ஏப்ரல் 6

ஒர்னெல்லா,

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. சோளம் விதைக்கிற நேரத்தில் உழாதே என்கிறாய். காப்பிக் கடையில் புரூனோ எல்லார் முன்னாலும் சிரிக்கிறான்: "என்னடா, பொண்டாட்டி விட்டுட்டுப் போன பிறகுதான் அவ பேச்சைக் கேக்குறியா?" இருந்தாலும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டேன். மழை முந்திக்கொண்டால் இந்த வருடம் சோளம் இல்லை, தெரிந்துகொள்.

துல்லியோ

---

ஏப்ரல் 15

அன்புள்ள துல்லியோ,

வந்துவிட்டது! நேற்றுக் காலை, வழக்கமாக நீ உழுகிற நேரத்தில். இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகிவிட்டன. ஒன்றானதும் அது சும்மா இருக்கவில்லை, நடுங்கியது. இமைப்பதற்குள் அடங்கிவிட்ட நடுக்கம். தரை அசையாமல் இருந்ததால் அது தேய்ந்து மறையும் வரை தெளிவாகக் கிடைத்தது. எந்தச் சுருதியில் நடுங்கியது, எவ்வளவு சீக்கிரம் அடங்கியது, இவ்வளவு தெரிந்தால் போதும். அதன் எடையும் சுழலும் வேகமும் சொல்லிவிடலாம். ஒளியே வெளிவராத ஒன்றைப் பற்றி!

ஒலியாக மாற்றிக் கேட்டோம். "ஏன்டி அழறே?" என்றாள் பக்கத்து மேசை சில்வானா. உன் தொலைபேசிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஜெர்மனியில் இதே வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். இம்மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

உன் ஒர்னெல்லா

---

ஏப்ரல் 19

அன்புள்ள ஒர்னெல்லா,

கேட்டேன். அடுப்பை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு சொட்டு நீர் விழுந்தாற்போல, அவ்வளவுதான். அதன் பின் வந்த அமைதிதான் நெடுநேரம் வீட்டுக்குள் இருந்தது. நீ சொன்ன அந்தப் பெரிய இருட்டு இப்போது எங்கோ அடங்கிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மழை முந்திக்கொண்டது. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வருத்தப்படாதே.

"இரு" என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். சொன்னால் இருந்துவிடுவாய். பிறகு என் அடுப்படி ஜன்னலில் நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

போய் வா. அங்கேயும் குழாயை வயல்களுக்கு நடுவில்தான் வைத்திருக்கிறார்களாம். எவனாவது உழுதுகொண்டிருப்பான். அவனிடம் முட்டி வலியை மட்டும் விசாரிக்காதே.

துல்லியோ