கொம்பு முளைக்காது, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். உங்கள் நினைவாக நடக்கும் கபடிப் போட்டியில் இந்த வருடம் நம் ஊர்ப் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றுவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று காமயகவுண்டன்பட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

அரையிறுதியில் நம் பவி ரைடு போனாள். உங்கள் சிவப்புப் பனியனைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள், ஆனால் காலை நீட்டித் தொடுவதில் அப்படியே நீங்கள். கோட்டுக்குத் திரும்பும்போது எதிரணிப் பெண் ஒருத்தி பாய்ந்து பிடித்தாள். இருவர் தலையும் மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

உடனே கூட்டம் என்ன கத்தியது தெரியுமா? "ஏ ஆத்தா, இன்னொரு முட்டு முட்டிக்கங்கடி! இல்லாட்டிக் கொம்பு மொளச்சிரும்!"

சின்ன வயதில் எங்கள் தலைகள் இடித்துக்கொண்டால் நீங்களும் அப்படித்தான் மறுபடி முட்டவைப்பீர்கள். மெதுவாக, சிரித்துக்கொண்டே. இந்தப் பிள்ளைகள் இருவரும் ஆட்டச் சூட்டில் இருந்தார்கள். மறுபடி முட்டினார்கள், ஆனால் மெதுவாக அல்ல.

அணியைப் பார்த்துக்கொள்ளும் மாமா ஓடிவந்து பவியின் முகத்தில் சோடாவை அடித்தார். பிடிபட்டவள் நம் பக்கம் வெளியே வந்து உட்கார வேண்டும் அல்லவா? இவள் நேராக எதிரணிப் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். "ஏலே, புள்ள கச்சி மாறிருச்சுடா!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிடும்போது பவி என் கையைப் பிடித்துக் கேட்டாள்: "அக்கா, அப்பா எங்கன உக்காந்திருக்காக?"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான் வந்துட்டாக! புள்ள கண்ணுக்குத் தெரியுறாக. கோப்பை இங்கனதான்!" யாரோ அவள் நெற்றியில் திருநீறு பூசினார்கள். அம்மா கைகூப்பி நின்றாள்.

எனக்குப் பவியின் பார்வை பிடிக்கவில்லை. பள்ளி நூலகத்தில் முதலுதவிப் புத்தகம் படித்திருக்கிறேன். "அப்பா உன் கண்ணுக்குத் தெரியுறாகளா?" என்று கேட்டேன்.

"தெரியல. அதான் கேக்குறேன். தோட்டத்துல இருந்து இன்னும் வரலையா?"

"அம்மா," என்றேன். "இவ அப்பாவைப் பாக்கல. அப்பா செத்துப்போனதே இவளுக்கு மறந்துபோச்சு."

"புத்தகப் புழுவுக்குக் கபடி பத்தி என்னத்தா தெரியும்?" என்று மாமா கத்தினார். "அப்பன் பேருல நடக்குற ஆட்டம். மக ஆடாம வேற யாரு ஆடுவா?"

அம்மா கூப்பிய கையை இறக்கினாள். பவியின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலேயே நடந்தாள். கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பவி ஆட்டோவிலேயே வாந்தி எடுத்தாள்.

மூளை குலுங்கியிருக்கிறது, நல்லவேளையாக ரத்தக்கசிவு இல்லை என்றார் டாக்டர். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம், தான் சொல்லும்வரை கபடி கூடாது என்றார். கொம்பு விஷயத்தைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மாமா என்னிடம் பேசுவதில்லை. இன்று மட்டும் இளநீரோடு வந்து வாசலிலேயே நின்றார். "நெசமாவே மறந்துருச்சாத்தா அவளுக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இளநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பவிக்கு இப்போது எல்லாம் நினைவு வந்துவிட்டது. நீங்கள் இல்லை என்பதும்தான். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதற்காகப் புதிதாக அழுதாள். தலைவலி மட்டும் இன்னும் விடவில்லை. "லைட்ட அமத்துக்கா, கண்ணு கூசுது" என்கிறாள்.

அப்பா, இது உங்கள் வார்த்தை அல்லவா? ஆட்டம் முடிந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "லைட்ட அமத்துங்கத்தா" என்பீர்கள். களைப்பு என்று நினைத்து நாங்கள் அணைப்போம். நீங்கள் நெஞ்சுவலியில் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நாட்களில் உங்களுக்கும் தலை வலித்ததா? எத்தனை ஆட்டங்கள் அப்படியே ஆடினீர்கள்? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

அன்று நீங்கள் அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள் என்றும் யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அதையும் உண்மையாகவே எழுதுகிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருடம் உங்கள் போட்டியில் முதல் ரைடுக்கு முன்னால் மைக்கை வாங்குவேன். தலையில் அடிபட்டவர் அன்று உட்கார்ந்துவிட வேண்டும், கொம்பெல்லாம் முளைக்காது என்று சொல்வேன். எனக்கு மேடைப் பயம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
பவிக்கு அக்கா,
கயல்விழி

பவி கூப்பிடுகிறாள். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, இந்த வரிக்கு அது போதும். லைட்டை அமத்திவிட்டேன், அப்பா.